ஹம்சா எனும் ஐவிரல் கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்று நம் ஊரில் சொல்வார்கள். மொரோக்கோவிலிருந்து ஏமன் வரைக்கும் அதே பயம் உண்டு. அங்கே அதற்குக் காவலாக நிற்பது விரித்த ஒரு கை. யூதர் வீட்டுத் தொட்டிலிலும் அதே கை, முஸ்லிம் வீட்டு வாசலிலும் அதே கை. இப்போது நம் ஊர் ஃபேன்சி ஸ்டோர் செயின்களிலும் கார் கண்ணாடியிலும் அது தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஹம்சா என்றால் சரியாக எது?

உள்ளங்கை தெரிய விரித்த கை வடிவத்தில் செய்த காப்புப் பொருள். அரபியில் ஹம்சா என்றால் ஐந்து. ஐந்து விரலால் வந்த பெயர். பெரும்பாலும் வெள்ளி. பித்தளை, தங்கம், மண், துணித் தையல், சுவரில் பதித்த மருதாணிக் கை என்று எல்லா வகையிலும் உண்டு. இன்று நாம் அதிகம் பார்ப்பது இரு பக்கமும் ஒரே மாதிரி வளைந்த கட்டைவிரல்களோடு, நடுவிரல் நீண்டிருக்கும் வடிவம். நிஜக் கையைப் போல ஒரே கட்டைவிரல் உள்ளவையும் பழைய நகைகளில் நிறைய உண்டு.

கழுத்தில் போடுவார்கள், குழந்தையின் தொட்டிலில் கட்டுவார்கள், கதவில் மாட்டுவார்கள். மொரோக்கோ, துனீசியா நகரங்களின் பழைய தெருக்களில் கதவைத் தட்டும் இரும்புப் பிடியே கை வடிவில் இருக்கும்.

ஃபாத்திமாவின் கை, மிரியாமின் கை என்று ஏன் இரண்டு பெயர்?

ஃபாத்திமா நபிகள் நாயகத்தின் மகள். மிரியாம் மோசேயின் அக்கா. லெவண்ட் (சிரியா, லெபனான், பாலஸ்தீனம்) பகுதிக் கிறிஸ்தவர்களில் சிலர் இதையே மரியாளின் கை என்பார்கள். மூன்றுமே பெண்கள் பெயர் என்பதைக் கவனியுங்கள். பிரசவம், பச்சைக் குழந்தை, புது மணப்பெண் என்று கண் படும் பயம் அதிகமாக இருந்த இடங்கள் எல்லாம் பெண்கள் பார்த்துக்கொண்ட இடங்கள். இந்தக் கையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தவர்களும் அவர்களே.

உள்ளூர்க்காரர்கள் சொல்வதென்னவோ வெறும் ஹம்சா என்றுதான். 'ஃபாத்திமாவின் கை' என்ற பெயரை உலகம் முழுக்கப் பரப்பியதில் வட ஆப்பிரிக்காவை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஃபாத்திமா கொதிக்கிற பாத்திரத்தில் கையை விட்டுக் கிளறினார் என்ற கதை உண்மையா?

நாட்டுக் கதை. ஃபாத்திமா அடுப்பில் அல்வா கிளறிக்கொண்டிருக்கிறார். கணவர் அலி வீட்டுக்குள் வருகிறார், கூடவே இன்னொரு பெண். அதிர்ச்சியில் கரண்டி நழுவி விழுந்ததுகூடத் தெரியாமல் ஃபாத்திமா வெறுங்கையாலேயே கிளறுகிறார். கை சுடவில்லை. அலி ஓடிவந்து கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிகிறது. அந்தக் கைதான் பொறுமையின், நம்பிக்கையின் அடையாளமானது என்று கதை முடியும்.

ஃபாத்திமா உயிரோடு இருந்தவரை அலி வேறு திருமணம் செய்யவில்லை என்பது இஸ்லாமிய வரலாற்று மரபு. அதனால் இதை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இதைச் சொல்லிச் சொல்லி வளர்த்த பெண்கள் எதை நினைத்துச் சொன்னார்கள் என்பது கேட்கும்போதே புரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

முதலில் இது யூதர்களுடையதா, முஸ்லிம்களுடையதா?

அதிகம் சண்டை நடக்கும் கேள்வி. கை இரண்டு மதப் பெயர்களுக்கும் முந்தியது. இன்றைய துனீசியாவில் இருந்த கார்த்தேஜ் நகரத்தின் நினைவுக் கற்களில், தானித் என்ற பெண் தெய்வத்தின் சின்னத்தோடு விரித்த வலக் கையும் செதுக்கப்பட்டிருக்கிறது. ரோமர்கள் அந்த நகரத்தை அழித்தது கி.மு. 146-ல். அதற்கும் முந்தியது ஹெப்ரோனுக்கு அருகே கிர்பெத் எல்-கோம் என்ற இடத்தில் உள்ள கல்லறைக் குகை. கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உரியாகு என்பவருக்கு ஆசி கூறும் எபிரேய எழுத்துகளுக்குக் கீழே விரல்கள் தரையைப் பார்த்தபடி ஒரு கை ஆழமாகச் செதுக்கியிருக்கிறது.

அதற்காக இன்றைய ஹம்சா இவற்றின் நேர் வாரிசு என்று சொல்லிவிட முடியாது. நடுவில் ஆயிரம் வருடத்துக்கு மேல் இடைவெளி. ஆபத்தைக் கண்டால் கையை நீட்டித் தடுப்பது மனித இயல்பு. அது பல இடங்களில் தானாகவே முளைத்திருக்கலாம். நகையாக, வீட்டுக் காவலாக நாம் இன்று அறியும் ஹம்சா வளர்ந்தது வட ஆப்பிரிக்காவிலும் முஸ்லிம் ஆட்சிக்கால ஸ்பெயினிலும். அங்கே முஸ்லிம்களும் யூதர்களும் அமாஸிக் மக்களும் (பெர்பர் என்று வெளியார் அழைத்தவர்கள்) ஒரே சந்தையில் வாங்கி விற்று வாழ்ந்தார்கள். என்னைக் கேட்டால், யாருடையது என்று கேட்பதைவிட யார் செய்தார்கள், யார் அணிந்தார்கள் என்று கேட்பதுதான் பலன் தரும்.

சரி, யார் செய்தார்கள்?

மொரோக்கோ, துனீசியா, ஏமன் ஆகிய நாடுகளில் வெள்ளி, தங்க வேலை பெருமளவு யூதத் தட்டார்களிடம் இருந்தது. அட்லஸ் மலைக் கிராமங்களில்கூட யூதத் தட்டார் குடும்பங்கள் இருந்தன. அமாஸிக் முஸ்லிம் பெண்ணுக்குக் கல்யாண நகை வேண்டுமென்றால் அவர்களிடம்தான் போவார்கள். ஆகவே ஒரு முஸ்லிம் மணப்பெண்ணின் நெஞ்சில் தொங்கிய ஃபாத்திமாவின் கை, ஒரு யூதரின் பட்டறையில் அடித்துச் செதுக்கியதாக இருப்பது சகஜம். அதே தட்டார் அதே அச்சில் தன் மகளுக்கும் ஒன்று செய்திருப்பார். எபிரேய எழுத்து இல்லாத பழைய மொரோக்கோக் கையை எடுத்துக்கொண்டு, இது யூத வீட்டுடையதா முஸ்லிம் வீட்டுடையதா என்று கேட்டால், பல நேரம் வடிவத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

மொரோக்கோ யூதர்களின் ஹனுக்கா விளக்கு ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள். பித்தளைத் தகட்டில் பின்பலகை. அதில் மசூதி வாசலைப் போன்ற குதிரைலாட வளைவுகள் வரிசையாக வெட்டியிருக்கும். வளைவுகளுக்கு மேலே எதிரெதிராக இரண்டு பறவைகள். உச்சியிலோ நடுவிலோ ஒரு சின்னக் கை. கீழே எட்டு எண்ணெய்க் குழிகள். யூதப் பண்டிகைக்கான பொருள், முஸ்லிம் கட்டடக் கலையின் வளைவு, இருவருக்கும் பொதுவான கை.

அல்ஜீரியாவின் கபிலியா மலையில் பெனி யென்னி என்ற ஊர் வேறு வழியில் போனது. அங்கே வெள்ளியில் நீலம், பச்சை, மஞ்சள் எனாமல் பூசி, நடுவே சிவப்புப் பவளம் பதிப்பார்கள். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்.

1948-ல் மொரோக்கோவில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் யூதர்கள் இருந்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்கும் பிரான்ஸுக்கும் போய்விட்டார்கள். இன்று சில ஆயிரம் பேர்தான் மிச்சம். பல ஊர்களில் பட்டறை முஸ்லிம் கைவினைஞர்களின் கைக்கு வந்தது. துனீசியாவின் ஜெர்பா தீவில் இன்னும் ஒரு யூதச் சமூகம் வாழ்கிறது; ஹூம்த் சூக் கடைத்தெருவில் அவர்களுடைய நகைக்கடைகள் நடக்கின்றன.

கை எப்படிக் காப்பாற்றுகிறதாம்?

பொறாமைக் கண்ணிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டு வருகிறது, விரித்த கை அதை மறித்து வந்த வழியே திருப்புகிறது. நம்பிக்கை இதுதான். நகையே இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். மொரோக்கோவில் ஒருவர் உங்கள் குழந்தையை அளவுக்கு மீறிப் புகழ்கிறார் என்றால், ஐந்து விரலையும் விரித்து 'ஹம்சா ஃபீ அய்னெக்', அதாவது 'உன் கண்ணில் ஐந்து' என்று சொல்வது பழைய வழக்கம். சத்தமாகச் சொன்னால் அடிதடிதான். உனக்குக் கொள்ளிக்கண் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் ஆடைக்குள் கையை மறைத்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுப்பார்கள்.

இதன் நீட்சியாக ஐந்து என்ற எண்ணே கூச்சத்துக்குரியதானது. பேச்சில் ஐந்து என்று சொல்ல நேர்ந்தால் 'நாலும் ஒன்றும்' என்றோ 'உங்கள் கையின் எண்ணிக்கை' என்றோ சுற்றிச் சொன்னதை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொரோக்கோவில் பல ஆண்டுகள் தங்கி ஆய்ந்த ஃபின்லாந்து மானிடவியலாளர் எட்வர்ட் வெஸ்டர்மார்க் பதிவு செய்திருக்கிறார்.

அப்புறம் மதங்கள் ஐந்துக்குத் தங்கள் விளக்கத்தைச் சேர்த்தன. முஸ்லிம்களுக்கு ஐந்து கடமைகள், ஐந்து வேளைத் தொழுகை. பொறாமைக்காரனின் தீங்கிலிருந்து பாதுகாப்புத் தேடும் குர்ஆனின் ஃபலக் அத்தியாயத்துக்கும் ஐந்தே வசனங்கள். யூதர்களுக்கு அவர்கள் வேதமான தோராவின் ஐந்து ஆகமங்கள். எபிரேய எழுத்தான 'ஹே'வின் எண் மதிப்பும் ஐந்து, அது இறைவனின் பெயரில் வரும் எழுத்து.

நடுவில் கண், பக்கத்தில் மீன். எதற்கு?

கண் எளிது: கண்ணைக் கண்ணாலேயே திருப்புவது. ஆனால் இன்று கடைகளில் கிடைக்கும் நீலக் கண்ணாடிக் கண் துருக்கி வழக்கத்தின் நஸர் மணி. கையோடு அது இந்த அளவுக்கு ஒட்டிக்கொண்டது பெரும்பாலும் சமீப கால வியாபாரத்தில்.

மீன்தான் சுவையான விஷயம். ஆதியாகமத்தில் யாக்கோபு தன் பேரப்பிள்ளைகளை, யோசேப்பின் மக்களை, மீனைப்போலப் பெருகுங்கள் என்ற பொருள்படும் சொல்லால் வாழ்த்துகிறார். இதற்கு யூதச் சட்ட விளக்க நூலான தல்மூதின் பெராகோத் பகுதி சொல்லும் விளக்கம்: மீனைத் தண்ணீர் மூடியிருக்கிறது, ஆகவே அதன்மேல் கண் படாது; யோசேப்பின் வழிவந்தவர்கள்மேலும் அப்படியே. அதே பகுதியில் ஒரு கைமுறையும் இருக்கிறது. புதிதாக ஓர் ஊருக்குள் நுழைகிறவர் கண் படும் என்று பயந்தால், வலது கட்டைவிரலை இடது கைக்குள்ளும் இடது கட்டைவிரலை வலது கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, நான் யோசேப்பின் வம்சம், என்னைக் கண் தொடாது என்று சொல்ல வேண்டும். உலோகத்தில் கை செய்து மாட்டுவதற்கு வெகு காலம் முன்பே கண்ணுக்கு எதிராகச் சொந்தக் கையையே மடக்கிப் பிடித்திருக்கிறார்கள்!

துனீசியாவில் முஸ்லிம்களும் இன்றுவரை 'ஹொம்சா உ ஹூத் அலிக்' என்று வாழ்த்துகிறார்கள்: 'ஐந்தும் மீனும் உன்மேல்.' மொரோக்கோ யூதர்களின் மிமூனா, பாஸ்கா முடிந்த இரவில் வரும் விருந்து. அந்த மேசையில் மீன் இருக்கும். மாவின்மேல் ஐந்தைந்தாகக் காசு, பேரீச்சம்பழம், அவரை வைப்பார்கள்.

விரல் மேலே பார்க்கணுமா, கீழே பார்க்கணுமா?

இரண்டும் சரி. மேலே என்றால் காவல், கீழே என்றால் வளம் என்று பிரித்துச் சொல்வது விற்பனை அட்டைகளில்தான் அதிகம். பழைய பதக்கங்கள் இரண்டு விதமாகவும் தொங்குகின்றன.

இஸ்லாம் இதை அனுமதிக்கிறதா?

கண்ணேறு உண்மை என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்பிலும் உண்டு. ஆகவே கண்ணேறு என்ற ஒன்று இருப்பதில் பெரிய மறுப்பு இல்லை. மறுப்பு பொருளின் மீதுதான். தாயத்தைத் தொங்கவிட்டவர் இறைவனுக்கு இணைவைத்துவிட்டார் என்று முஸ்னத் அஹ்மத் தொகுப்பில் வரும் நபிமொழியைக் காட்டி, காக்கும் சக்தி அந்தக் கைக்கு இருப்பதாக நம்பி அணிவதைப் பெரும்பாலான ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) கண்டிக்கிறார்கள். அவர்கள் சொல்லும் வழி ஃபலக், நாஸ் அத்தியாயங்களை ஓதுவது, அழகானதைக் கண்டால் மாஷா அல்லாஹ் சொல்வது. மார்க்கத்தில் உறுதியாக இருப்பவர்கள் இதைத் தவிர்ப்பது இதனால்தான். அவர்களிடம் பரிசாகக் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அதே சமயம், 1976-ல் இன்றைய வடிவம் பெற்ற அல்ஜீரியாவின் அரசு இலச்சினையில் ஃபாத்திமாவின் கை இடம்பெற்றிருக்கிறது. பக்தியாக இல்லாவிட்டாலும் மண்ணின் அடையாளமாக அது நிற்கிறது.

யூத மதம்?

அங்கேயும் இழுபறிதான். பலித்தது என்று நிரூபணமான தாயத்தை ஓய்வுநாளிலும் அணிந்து வெளியே போகலாம் என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் ஷபாத் பகுதி சட்டம் சொல்கிறது. அதாவது தாயத்து சாதாரணப் புழக்கத்தில் இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடஸ் கடும் எதிர்ப்பு. கதவு நிலையில் பொருத்தும் மெசூசா சுருளுக்குள் தேவதூதர்களின் பெயரை எழுதி அதைத் தாயத்தாக மாற்றுகிறவர்களுக்கு மறுமையில் பங்கில்லை என்று எழுதினார். இத்தனைக்கும் அவர் மொரோக்கோவின் ஃபெஸ் நகரத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர். கபாலா எனும் யூத மறைஞான மரபினர் மறுபக்கம் நின்றார்கள். கையின் நடுவே ஷின் என்ற எபிரேய எழுத்து, யோசேப்பை வாழ்த்தும் 'பென் போராத் யோசேஃப்' என்ற ஆதியாகம வரி, வீட்டுக்கான ஆசி, பயணப் பிரார்த்தனை என்று எழுதி நிரப்பினார்கள்.

ஸ்பெயினில் இதைத் தடை செய்தார்களாமே?

ஆமாம். 1526-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் கிரனாடாவில் கூட்டிய திருச்சபைக் குழு, கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கப்பட்ட முஸ்லிம்களின் மொழி, உடை, குளியலோடு கை வடிவத் தாயத்துகளையும் தடை செய்தது. தட்டார்கள் அவற்றைச் செய்யவும் கூடாது. ஒரு சின்ன வெள்ளிக் கைக்குப் பேரரசு பயந்தது என்றால், மக்கள் அதை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும்! அதே நகரத்தில் அல்ஹம்ப்ரா கோட்டையின் நீதி வாசலில் 1348-ல் செதுக்கிய கல் கை மட்டும் தடையைத் தாண்டி இன்றும் இருக்கிறது.

முஹர்ரம் ஊர்வலத்தில் வரும் பஞ்சாவும் இதுவும் ஒன்றா?

தோற்றம் ஒன்று, பொருள் வேறு. கை வடிவச் சின்னமான பஞ்சா ஷியா முஸ்லிம்களின் மரபைச் சேர்ந்தது. ஐந்து விரலும் நபிகள், அலி, ஃபாத்திமா, ஹசன், ஹுசைன் ஆகிய ஐவர். கி.பி. 680-ல் கர்பலாவில் தண்ணீர் கொண்டுவரப் போய் இரு கையும் வெட்டுண்ட அப்பாஸின் நினைவும் அதில் சேரும். கண்ணேறுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வட ஆப்பிரிக்க முஸ்லிம்களோ பெரும்பாலும் சன்னி.

தமிழ்நாட்டுக்கு உண்மையாகவே வந்து சேர்ந்த கை இந்தப் பஞ்சாதான். தஞ்சாவூர் பக்கம் காசவளநாடு புதூரில் இந்துக்கள் உள்ளங்கை உருவத்தை அல்லாசாமி என்று தூக்கி வந்து, பூக்குழி இறங்குகிறார்கள். சிவகங்கை மாவட்டம் முதுவன்திடலில் பாத்திமா நாச்சியாருக்காக முஹர்ரத்தில் தீமிதி நடக்கிறது. கிரனாடாவில் கை வடிவத்தையே ஒடுக்கினார்கள்; இங்கே இன்னொரு கை இந்து வீட்டார் தோளில் ஊர்வலம் போகிறது.

நம் சாமி சிலைகளின் அபய ஹஸ்தத்திலிருந்து போனதா?

இல்லை. அப்படி இணைக்கச் சான்று எதுவும் கிடையாது. யோகா கடைகளில் சேர்த்து விற்பதால் வந்த குழப்பம்.

யூதக் கல்லறைகளில் இரண்டு கை சேர்ந்த சின்னம் இருக்கிறதே?

அது வேறு. ஆரோனின் வழிவந்த கோஹென் குருக்கள் ஆசி கூறும்போது இரு கைகளையும் உயர்த்தி விரல்களை இரண்டிரண்டாகப் பிரிப்பார்கள். ஸ்டார் ட்ரெக்கில் ஸ்பாக்காக நடித்த லெனர்ட் நிமோய் காட்டும் வணக்கம் இதிலிருந்து எடுத்ததுதான். சிறுவயதில் தொழுகைக் கூடத்தில் பார்த்ததை அவரே சொல்லியிருக்கிறார். தோரா வாசிக்கும்போது வரியைத் தொடர உதவும் விரல் நீட்டிய வெள்ளிக் குச்சியும் ஹம்சா அல்ல.

இஸ்ரேலில் இன்று எல்லா இடத்திலும் தெரிகிறதே, எப்போதும் அப்படித்தானா?

கிடையாது. 1950-களில் மொரோக்கோ, ஏமன், ஈராக் யூதர்கள் வந்து இறங்கியபோது, ஐரோப்பாவிலிருந்து வந்து அங்கே செல்வாக்கோடு இருந்தவர்கள் இதைப் பட்டிக்காட்டு மூடநம்பிக்கையாகப் பார்த்தார்கள். பாட்டிகளின் பெட்டிக்குள் போன கை, கிழக்கத்திய யூதர்களின் பண்பாடு தலைநிமிர்ந்த எழுபது, எண்பதுகளில்தான் வெளியே வந்தது. இன்று சாவிக்கொத்திலும் விமான நிலையக் கடையிலும் அதுதான். அந்தப் பாட்டிகள் பட்ட அவமானத்தை யாரும் அந்தச் சாவிக்கொத்தோடு சேர்த்து நினைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

பழையது என்று சொன்னால் வளையத்தைப் பாருங்கள். பல காலம் தொங்கிய கையில் மேல் துளை ஒரு பக்கம் தேய்ந்து மெலிந்திருக்கும். உடம்பில் பட்ட பின்பக்கம் வழவழப்பாக இருக்கும். கையால் செதுக்கிய கோடுகள் ஆழம் மாறி மாறி ஓடும். வார்ப்பில் கோடு ஒரே அளவில் மழுங்கியிருக்கும். கருப்பு ஏற்றிய புது வெள்ளியைப் பழசு என்று விற்பது சாதாரணம். புதிதாக ஒன்று போதும் என்றால் இந்தக் கவலையே வேண்டாம். பெனி யென்னி எனாமல் வேலை போல ஊர்ப்பெயரோடு வரும் கைவேலையை வாங்குங்கள்.

எபிரேய எழுத்தோ குர்ஆன் வசனமோ இருந்தால் மரியாதையாக வையுங்கள். இறைவனின் பெயர் எழுதியதை யூதர்கள் குப்பையில் போட மாட்டார்கள். கெனிசா என்ற தனி இடத்தில் சேர்த்து, பிறகு புதைப்பார்கள்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

காசாபிளாங்காவில் மொரோக்கோ யூதர் அருங்காட்சியகம் உண்டு. விளக்குகளை அங்கே பாருங்கள். பாரிஸின் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் வட ஆப்பிரிக்க நகைகள் இருக்கின்றன. கிரனாடா போனால் அல்ஹம்ப்ராவின் நீதி வாசல் வழியாக நடக்கச் சீட்டு தேவையில்லை. வெளி வளைவின் உச்சிக்கல்லில் கை, உள் வளைவில் சாவி. கை சாவியை எட்டிப் பிடிக்கும் நாளில் கோட்டை விழும் என்று உள்ளூர்க் கதை. கை நல்ல உயரத்தில் இருக்கிறது, அதனால் வாசலை நெருங்கும் முன்பே நின்று அண்ணாந்து பாருங்கள்.